காசியில் முதன்முறையாக ஹாஸ்டலில் தங்கப்போகிறேன்: எவற்றைக் கவனிக்க வேண்டும்?

வைகைக்கரையாள்:
ஜனவரியில் நான்கு நாள்கள் தனியாகக் காசிக்குச் செல்லவிருக்கிறேன். இதுவரை வெளியூர் என்றாலே குடும்பத்தோடு லாட்ஜில் அறை எடுத்துத்தான் பழக்கம். இம்முறை செலவைக் குறைப்பதற்காக, அஸ்ஸி படித்துறைக்கு அருகில் ஆறு படுக்கைகள் கொண்ட பெண்கள் டார்மிட்டரியில் ஓர் இடம் பதிவுசெய்யலாம் என்றிருக்கிறேன். ஹாஸ்டல் என்றதும் கல்லூரி விடுதியை நினைத்துக்கொண்ட அம்மா, நகரத்தார் சத்திரத்தில் கேட்டுப் பார் என்கிறார். முகம் தெரியாதவர்களோடு ஓர் அறையில் உறங்குவதைவிட, குளிக்கப் போகும் நேரத்தில் பணத்தையும் கைபேசியையும் எங்கே வைப்பது என்பதுதான் என் கவலை.

மூட்டைமுடிச்சு:
பெரும்பாலான ஹாஸ்டல்களில் படுக்கைக்கு ஒரு லாக்கர் இருக்கும். பூட்டு நம்முடையதாக இருக்க வேண்டும். இதைக் கேள்விப்பட்டு, வீட்டில் பத்திரமாக இருந்த திண்டுக்கல் பூட்டை நான் கொண்டுபோனேன். அதன் வளையம் லாக்கரின் கொண்டியில் நுழையவே இல்லை. கடைசியில் கோதோலியா கடைவீதியில் ஒரு சின்னப் பூட்டு வாங்கிய பிறகுதான் நிம்மதியாகக் குளிக்க முடிந்தது. விடியற்காலையில் படகில் போவதாக இருந்தால், வேண்டியவற்றை முந்தைய இரவே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர் உறங்கும் அறையில், இருட்டில் ஒருவர் பாலித்தீன் பையைப் பிரிக்கும் ஓசை இருக்கிறதே, அதைப் போல எரிச்சலூட்டுவது வேறொன்றில்லை.

தனிவழி:
நான் இரண்டு முறை பெண்கள் டார்மிட்டரியில் தங்கியிருக்கிறேன். பதிவுசெய்வதற்கு முன், தனியாகத் தங்கிய பெண்கள் அண்மையில் எழுதிய மதிப்புரைகளை மட்டுமாவது படித்துவிடுங்கள். படுக்கைக்குத் திரை உண்டா, குளியலறை அறைக்குள்ளேயே இருக்கிறதா, குளிர்காலத்தில் வெந்நீர் ஒழுங்காக வருகிறதா என்பவையெல்லாம் அவற்றில்தான் தெரியவரும். மூடுபனியால் ஜனவரியில் ரயில்கள் பல மணி நேரம் தாமதமாவது அங்கே வழக்கம் என்பதால், நள்ளிரவில் வந்து சேர்ந்தாலும் வரவேற்பில் ஆள் இருப்பார்களா என்று தொலைபேசியில் கேட்டு வையுங்கள். அஸ்ஸிக்கு ஆட்டோ ஓரளவு அருகில் வரும். தசாசுவமேதப் படித்துறையை ஒட்டிய சந்துகளில் தங்கினால் மூட்டையோடு நடக்க வேண்டும். கற்கள் பாவிய அந்தச் சந்துகளில், மாட்டுச் சாணத்துக்கு நடுவே சக்கரப் பெட்டியை இழுப்பது பெரும்பாடு.

பழையபயணி:
என் கருத்து சற்று வேறு. சிறு ஓசைக்கும் விழித்துக்கொள்பவர் என்றால், நான்கு இரவையும் டார்மிட்டரியில் கழிக்காதீர்கள். இரண்டு இரவு தங்கிப் பார்த்துவிட்டு, ஒத்துவராவிட்டால் அங்கேயே தனியறைக்கு மாறிக்கொள்ளலாம். சத்திரத்தையும் ஒதுக்கிவிட வேண்டாம். ஆனால் தனியாக வருபவர்களுக்கு அறை தரச் சில சத்திரங்கள் தயங்குவதுண்டு என்பதால், முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

வைகைக்கரையாள்:
அனைவருக்கும் நன்றி. முதல் இரண்டு இரவுகளுக்கு மட்டும், கீழ்ப் படுக்கை கேட்டுப் பதிவுசெய்துவிட்டேன். எங்கள் வீட்டிலும் இருப்பது திண்டுக்கல் பூட்டுத்தான். எவ்வளவு மெல்லிய வளையம் தேவைப்படும்?

மூட்டைமுடிச்சு:
பென்சிலைவிட மெல்லியதாக இருந்தால் போதும். சாவி இரண்டில் ஒன்றை லாக்கருக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிடாதீர்கள். அதையும் நான் செய்திருக்கிறேன்.