ஜீப்ரா ஃபின்ச் குஞ்சைப் பானையிலிருந்து வெளியே தள்ளிவிடுகிறது: உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

மாடிவீட்டு ஜோடி:

நான்கு மாதம் ஆகிறது. இன்னும் உறுத்துகிறது, அதனால் இங்கே கொட்டிவிடுகிறேன்.

ஜீப்ரா ஃபின்ச் என்கிற சின்னக் கூண்டுப் பறவை, ஒரு ஜோடி. எல்லோரும் வைக்கிற மாதிரிதான் வைத்திருந்தேன். இரண்டடிக் கூண்டு, மண்பானை, தேங்காய் நார். முதல் அடை. ஐந்து முட்டையில் மூன்று பொரித்தது. மறுநாள் காலை தண்ணீர் மாற்றப் போனால், கீழே விரித்த செய்தித்தாளில் தினை உமிக்கு நடுவே ஒரு குஞ்சு கிடந்தது. சுண்டுவிரல் நுனி அளவு. கண் திறக்கவில்லை, முதுகில் நாலைந்து வெள்ளை மயிர். தொட்டால் சில்லென்று இருந்தது. செத்துவிட்டது என்று நினைத்துக் காகிதத்தோடு சுருட்டப் போனேன். என்னவோ தோன்றி உள்ளங்கையில் மூடி வைத்தேன். இரண்டு நிமிடம் இருக்கும், கால் விரல் அசைந்தது. அப்புறம் வாயைத் திறந்தது. மேலண்ணத்தில் அந்தக் கறுப்புப் புள்ளிகள்கூடத் தெரிந்தன.

பானைக்குள் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் வந்தால் அதே இடத்தில் அதே குஞ்சு. திரும்ப வைத்தேன். மறுநாளும் அப்படியே. மூன்றாவது முறை வைத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். சேவல், அதாவது ஆண் ஃபின்ச், உள்ளே போனது, குஞ்சை இறக்கையோடு கவ்வி வாசலுக்குக் கொண்டு வந்தது, என்னைப் பார்த்தபடியே கீழே போட்டது. அப்போதும் அதற்கு உயிர் இருந்தது.

மூன்றாவது முறை நான் வைத்திருக்கக் கூடாதோ?

கிழக்கு ஜன்னல்:

கை பட்டிருக்கும், வேறென்ன. மனித வாடை ஒட்டிக்கொண்டால் சேர்க்காது.

எங்கள் வீட்டில் அம்மா தினமும் காலையில் பானைக்குள் விரலை விட்டு முட்டையை எண்ணுவார். ஒன்பதாம் நாள் பெட்டை எழுந்து வெளியே வந்தது, திரும்ப உட்காரவே இல்லை. சேவலும்தான். நான்கு நாள் பார்த்துவிட்டு முட்டைகளைத் துளசிச் செடி அடியில் புதைக்கப் போனோம். ஒன்று கையிலேயே உடைந்தது. உள்ளே கறுப்பாகக் கண் தெரிந்தது. அம்மா அதற்குப் பிறகு கூண்டுப் பக்கமே வருவதில்லை.

தினைக்காரன்:

கிழக்கு ஜன்னல், வாடைக் கதையை இன்னும் எத்தனை நாள் சொல்வீர்கள்? பறவைகள் எப்படிப் பாட்டுக் கற்கின்றன என்று ஆராய, உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் ஜீப்ரா ஃபின்ச்சைத்தான் வளர்க்கிறார்கள். முட்டையில் பேனாவால் எண் போடுகிறார்கள், குஞ்சை எடுத்து எடை போட்டுத் திரும்ப வைக்கிறார்கள். தாயும் தகப்பனும் வளர்க்கத்தான் செய்கின்றன. உங்கள் வீட்டில் நடந்தது தொந்தரவு. அடையில் இருப்பதைத் தினமும் எழுப்பினால் எதுதான் உட்காரும்? ஐந்தாம் நாள் ஒரே ஒரு முறை போன் டார்ச்சை முட்டைக்குப் பின்னால் பிடித்து, சிவப்பு நரம்பு ஓடுகிறதா என்று பாருங்கள், போதும்.

மாடிவீட்டு ஜோடி, முட்டை வைத்த பிறகும் நார் போட்டுக்கொண்டே இருந்தீர்களா? பலரும் செய்கிற தப்பு அதுதான். நார் கிடைத்தால் சேவல் கட்டுவதை நிறுத்தாது, முட்டைக்கு மேலேயே இன்னொரு மெத்தை போட்டுவிடும். பெட்டை அதன்மேல் அடுத்த முட்டைகளை இடும். அந்த நிலையில் பழைய குஞ்சு அவற்றுக்கு வெறும் குப்பை. இரண்டாவது, சாப்பாடு. வெறும் தினையில் பெரிய பறவை சமாளித்துவிடும், குஞ்சுக்குப் போதாது. பொரிப்பதற்கு முன்பிருந்தே அவித்த முட்டையை உதிர்த்து வையுங்கள், ஆனால் வெயில் காலத்தில் இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். கொத்தமல்லித் தழை, முளைகட்டிய தினை கொடுங்கள். சுண்ணாம்புச் சத்துக்குக் கடல் நுரை (கணவாய் ஓடு) எப்போதும் தொங்க வேண்டும். அது இல்லாமல்தான் பெட்டைக்கு முட்டை அடைத்துக்கொள்கிறது. மூன்றாவது, இவை ஆஸ்திரேலியாவின் வறண்ட பகுதிப் பறவைகள். அங்கே மழை பெய்து புல் விதை விளைந்தால் உடனே கூடு கட்டும். நம் கூண்டில் எந்நேரமும் தண்ணீரும் தினையும் இருப்பதால் நிறுத்தாமல் முட்டையிட்டுத் தேய்ந்துபோகும். வருடத்துக்கு இரண்டு அடை, மிஞ்சினால் மூன்று. அப்புறம் பானையையே கழற்றிவிடுங்கள்.

எனக்கும் ஒரு முறை தள்ளியது. பெங்கலீஸ் என்கிற இன்னொரு வகை ஃபின்ச் ஜோடியின் கூட்டில் வைத்தேன், வளர்த்துவிட்டது.

வேலூர் வெயில்:

தள்ளுவது எல்லாவற்றுக்கும் நார்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. என் அனுபவம் வேறு.

மே மாதம், மதியம், கரண்ட் இல்லை. ஃபேன் நின்றதும் வீடே அமைதியானது. அப்போதுதான் கேட்டேன், பானைக்குள்ளிருந்து ஒரு மெல்லிய, வேகமான சத்தம். சேவலின் வழக்கமான ‘மீப் மீப்’ இல்லை, பாட்டும் இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தால் வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டே முட்டைமேல் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறது. நோய் என்று பயந்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது. ஆஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைலீன் மரியெட், கேத்ரின் புக்கானன் இருவரும் 2016-இல் ‘சயன்ஸ்’ இதழில் இதைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். வெயில் 26 டிகிரியைத் தாண்டினால், பொரிக்கப் போகும் கடைசி நாட்களில் தாயோ தகப்பனோ முட்டையிடம் இப்படிக் குரல் கொடுக்குமாம். அதைக் கேட்டுப் பொரித்த குஞ்சுகள் வெயிலுக்குத் தக்கபடி சிறியதாகவே வளருமாம். 26 என்றால் எங்களூரில் மார்கழி மதியமே தாண்டிவிடும், அது வேறு விஷயம்.

அந்தத் தடவை ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. ஆனால் முட்டைக்குள் இருப்பதோடு பேசியதை நான் கேட்டேன்.

பச்சைத் தண்ணீர்:

தலைப்புக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் ஃபின்ச் என்றதும் எனக்கு இதுதான் ஞாபகம் வருகிறது. ஒரு கடையில் ‘கலர் ஃபின்ச்’ என்று ஜோடி வாங்கினேன், ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள். வீட்டில் குளிக்கத் தட்டில் தண்ணீர் வைத்தேன். ஆசையாக இறங்கிக் குளித்தது. தண்ணீர் பச்சையாகிவிட்டது. உள்ளேயிருந்து பழுப்பாக, நெஞ்சில் செதில் செதிலாக ஒன்று வெளியே வந்தது. வயலில் கூட்டமாகத் திரியும் நம்மூர் புள்ளிச் சில்லை. சாயம் பூசி விற்றிருக்கிறான். 1972 வனவிலங்குச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம் என்பதுகூட எனக்கு அன்றைக்குத் தெரியாது. மஞ்சள் மூன்றாம் நாள் செத்துவிட்டது. சாயம் போகாமலே.

அடுப்படி:

வாடை, நார், வெயில் என்று பேசுகிறீர்கள். யாரும் சமையலறையைச் சொல்லவில்லை.

கூண்டு ஹாலில், அடுப்பு பத்தடி தள்ளி. நான்ஸ்டிக் தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிட்டு, வாசலில் வந்த கூரியரிடம் பேசிக்கொண்டு நின்றுவிட்டேன். பத்து நிமிடம். புகை என்று பெரிதாக ஒன்றுமில்லை, எனக்குத் தொண்டைகூடக் கரகரக்கவில்லை. அந்தப் பூச்சு அளவுக்கு மீறிச் சூடானால் வருகிற வாயு பறவை நுரையீரலுக்கு எமன் என்று பிறகுதான் படித்தேன். திரும்பி வந்தபோது ஐந்தில் நான்கு கூண்டின் தரையில். ஐந்தாவது கம்பில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தது. தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன், படியிலேயே போய்விட்டது.

தோசைக்கல்லை அன்றே தூக்கிப் போட்டேன். இரும்புக்கல்தான் இப்போது. கூண்டு காலியாக இருக்கிறது.

மாடிவீட்டு ஜோடி:

எல்லோருக்கும் நன்றி. அடுப்படி, என்ன சொல்வதென்று தெரியவில்லை.

தினைக்காரன், ஆமாம், நார் போட்டுக்கொண்டேதான் இருந்தேன். கேட்கிறதே என்று கொடுத்தேன். உங்கள் பட்டியலில் பாதி எனக்குத் தெரியும். ஆனால் நான் கேட்டது அதை அல்ல. பெங்கலீஸ் இல்லாதவன் என்ன செய்வது? அன்று மூன்றாவது முறையும் விழுந்த பிறகு நான் திரும்ப வைக்கவில்லை. டிஷ்யூவில் பொதிந்து டேபிள் லைட்டுக்குக் கீழே வைத்தேன். ஊட்டத் தெரியவில்லை. ராத்திரி பதினொன்றரை வரை இருந்தது.

மற்ற இரண்டில் ஒன்று பத்தாம் நாள் போய்விட்டது. இன்னொன்று தப்பித்தது. இருபதாம் நாள் பானையை விட்டு வெளியே வந்தபோது அலகு கறுப்பு. இப்போது நல்ல சிவப்பு, கன்னத்தில் ஆரஞ்சு, சேவல்தான். இரண்டு மாதமாகப் பாடப் பழகிக்கொண்டிருந்தது, உளறல் மாதிரி இருக்கும். போன வாரம்தான் பாட்டு முழுசாகப் பிடிபட்டது. ஆண்குஞ்சு தகப்பனிடமிருந்துதான் கற்றுக்கொள்ளும் என்பது தெரிந்ததுதானே. கடைசியில் வருகிற அந்த இழுவைகூட அப்படியே அப்பன் பாட்டு. கண்ணை மூடிக் கேட்டால் எது அப்பன், எது பிள்ளை என்று சொல்ல முடியவில்லை.

பானை பரணில் கிடக்கிறது. அப்பன் செய்தித்தாளைக் கிழித்து, தினைக் கிண்ணத்தில் அடுக்கிக்கொண்டிருக்கிறது.