புதுப்பிப்பு: நீர் குறைத்த தொட்டிகளில் நெல்லுக்கு மணிச்சத்து (பாஸ்பரஸ்) ஏறாத பிரச்சினை

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. நான் கேட்டது இதுதான்: நீரைக் குறைத்து வளர்த்த தொட்டிகளில் சூப்பர் பாஸ்பேட் போட்டும் நெல் குட்டையாகவே நின்றது, தூர் கட்டவில்லை, இலை கரும்பச்சை. போட்ட மணிச்சத்து எங்கே போகிறது?

"உரத்தைக் கூட்டாதீர்கள், ஈரத்தைத் தக்கவையுங்கள்; உமிக்கரியைத் தொழுவுரக் கரைசலில் ஊறவைத்துக் கலந்து பாருங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. சொன்ன காரணமும் சரி. மண் காயும்போது காற்று புகுந்து, கரைந்திருந்த இரும்பு ஆக்சிஜனேற்றமடைந்து மணிச்சத்தைப் பிடித்துக்கொள்கிறது. மிச்சம் இருப்பதும் வேர் வரை நகர மண்துகளைச் சுற்றி நீர்ப்படலம் வேண்டும். என்னுடையது மணற்பாங்கான மண், அதனால் கரி நன்றாகவே ஈரம் பிடித்தது. களிமண்ணில் இவ்வளவு வித்தியாசம் எதிர்பார்க்க வேண்டாம்.

எதிர்பாராத ஒன்றும் நடந்தது. கரி போட்ட தொட்டிகளில் புது இலைகள் மட்டும் நரம்பு பச்சையாக, இடையே வெளுத்து வந்தன. தழைச்சத்துக் (நைட்ரஜன்) குறை என்றால் பழைய இலைதான் முதலில் மஞ்சளாகும்; அப்படியானால் இது இரும்புக் குறை. காய்ந்த மண்ணில் இரும்பு ஏற்கனவே கரையாது, கரி மண்ணின் பிஎச்சையும் (அமில-கார அளவு) ஏற்றிக் காரமாக்கிவிட்டது. 0.5 சதவீத அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைசலை இலையில் தெளித்தேன். வெளுத்த இலைகள் முழுதாகத் தேறவில்லை, அப்புறம் வந்தவை பச்சை.

பதில்களில் வந்த, யூரியாவைக் கூட்டும் யோசனையைச் சோதிக்கவில்லை. மண் ஏற்கனவே காரமாக இருந்தால் கரியைக் குறைத்து, தொழுவுரத்தைக் கூட்டுவேன்.