முதலுதவி கைக்கு வர உங்கள் பாடசாலையில் என்ன செய்கிறீர்கள்?

உப்புவெளி டீச்சர்:
வணக்கம். திருகோணமலையில் கடற்கரைக்குக் கிட்ட ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். போன மாதம் காலைக் கூட்டத்தில் தரம் 7 பிள்ளை ஒருத்தி வலிப்பு வந்து விழுந்துவிட்டாள். ஒருவர் திறப்புக்கோர்வையை அவள் கையில் திணித்தார், இன்னொருவர் வாய்க்குள் கரண்டி வைக்கப் பார்த்தார், நான் கைகளை அமத்திப் பிடித்தேன். எல்லாருமே முதலுதவிப் பயிற்சிக்குப் போனவர்கள், சான்றிதழும் இருக்கிறது. பிள்ளை இப்போது சுகம். எனக்குத்தான் அந்த இரண்டு நிமிடமும் திரும்பத் திரும்ப வருகிறது. வருடத்துக்கு ஒரு செயலமர்வு போதாது என்று தெரிகிறது, வேறு எப்படிப் பழகலாம்?

கிண்ணியா தொண்டன்:
டீச்சர், பயந்த நேரத்தில் கை பழகியதைத்தான் செய்யும், நீங்கள் எல்லாரும் சின்ன வயதிலிருந்து பார்த்தது இரும்பு கொடுப்பதைத்தானே. வலிப்பில் வாய்க்குள் எதுவும் வைக்கக் கூடாது, அமத்தவும் கூடாது. தலைக்குக் கீழே மெத்தென்ற ஏதாவது வைத்து, மணிக்கூட்டைப் பார்த்து, வலிப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 5 நிமிடம் தாண்டினால் 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இலவசம்.

பழக்கத்துக்கு நாங்கள் செய்வது இதுதான். மாதம் ஒருநாள், இடைவேளை முடிய, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு ஆசிரியர் கீழே படுப்பார். யார் பக்கத்தில் இருப்பது, யார் போன் எடுப்பது, யார் கேற்றில் நின்று அம்புலன்சுக்கு வழி காட்டுவது, யார் மற்றப் பிள்ளைகளை விலக்குவது, எல்லாம் அந்த இடத்திலேயே நடந்து பார்க்க வேண்டும். முதல் தடவை மூன்று பேர் போன் எடுத்தார்கள், கேற்றுக்கு ஒருவரும் போகவில்லை. சிபிஆருக்கு, அதாவது மூச்சும் இதயமும் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தும் முதலுதவிக்கு, பொம்மை இல்லாவிட்டால் இறுக்கமான மெத்தைத் துண்டில் அழுத்திப் பழகலாம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. இரண்டு நிமிடத்தில் கை சோர்ந்துவிடும், ஆள் மாறுவதையும் அதில்தான் பழகுகிறோம். ஆனால் சுகமாக இருக்கும் ஆளின் நெஞ்சில் அழுத்திப் பழகாதீர்கள்.

மூதூர் அக்கா:
தம்பி சொன்னதோடு சுனாமி ஒத்திகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, பாடசாலை இல்லை. அது ஒரு பாடசாலை நாளாக இருந்திருந்தால் என்று நினைக்கவே நெஞ்சு பதறுகிறது. சுமாத்திராவில் நிலம் அதிர்ந்து இரண்டு மணித்தியாலமளவில் இங்கே அலை வந்தது, நம்மில் அனேகம் பேருக்கு அதிர்ச்சி தெரியவேயில்லை. அதனால் எச்சரிக்கை வந்தவுடன் மேட்டுக்கு நடக்கத் தொடங்க வேண்டும், புத்தகப்பை எடுக்க விடாதீர்கள். ஒத்திகையில் ஒரு தடவை வழக்கமான வழியைக் கயிறு கட்டி மறித்துப் பாருங்கள். வகுப்பாசிரியர் இடாப்பை எடுத்துக்கொண்டுதான் வெளிக்கிட வேண்டும், போய்ச் சேர்ந்த இடத்தில் பெயர் கூப்பிட்டு எண்ணுவதற்கு. எங்கள் பாடசாலையில் ஒருமுறை கழிவறையில் இருந்த இரண்டு பிள்ளைகளை மறந்துவிட்டோம், அன்றிலிருந்து கழிவறையைப் பார்ப்பதற்கென்றே ஒருவர் இருக்கிறார்.

நிலாவெளி சேர்:
முதலுதவிப் பெட்டி அதிபர் அறையில் பூட்டிக் கிடக்கிறதா? முதலில் அதை வெளியே எடுங்கள்.

உப்புவெளி டீச்சர்:
பூட்டித்தான் இருந்தது சேர், இன்று எடுத்துக் காரியாலய மேசைக்கு மேலே வைத்தாயிற்று. அந்தப் பிள்ளையின் அம்மாவோடும் கதைத்தேன், முன்பும் இரண்டு தடவை வந்திருக்கிறதாம், எங்களிடம் சொல்லப் பயந்திருக்கிறார். இனிமேல் தவணைத் தொடக்கத்திலேயே பெற்றோரிடம் வலிப்பு, ஆஸ்துமா விபரம் கேட்டு எழுதப் போகிறோம். அடுத்த கிழமை கீழே படுக்கப் போவது நான்தான்.