மறுமொழி: ‘டிஃபர்ட் டிஃபெக்ட்’ – ‘தவணைப் பழுது’ எனலாமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். விமானத்தில் கண்ட பழுதை உடனே சரிசெய்யாமல், இன்ன தேதிக்குள் சரிசெய்வதாக எழுதிவைத்துப் பறக்கவிட்டால் அது ‘டிஃபர்ட் டிஃபெக்ட்’. அதற்குத் ‘தவணைப் பழுது’ என்று நான் சொன்னதற்கு வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> ‘ஒத்திவைத்த பழுது’ போதுமே, எதற்குப் புதுச்சொல்?

போதாது என்றுதான் எனக்குப் படுகிறது. மும்பையில் விமானப் பராமரிப்பு வேலை எனக்கு. இரவு முழுக்க இந்தச் சொல்லோடுதான் குடித்தனம். ஒரு கூட்டத்தையோ வழக்கையோ தேதி குறிப்பிடாமலே ஒத்திவைக்கலாம். விமானத்தில் அந்த ஒன்றைத்தான் செய்ய முடியாது.

போன மழைக்காலத்தில் ஒரு நாள், இரவு இரண்டரை மணி. வந்திறங்கிய விமானத்தின் டெக் லாகில் (பழுதுகளைப் பதியும் ஏடு) ஸ்நாக், அதாவது பழுதுக் குறிப்பு, எழுதியிருந்தார்கள்: ஏபியூ ஸ்டார்ட் ஆகவில்லை. (வாலில் இருக்கும் குட்டி எஞ்சின். தரையில் நிற்கும்போது மின்சாரம், ஏசி, பெரிய எஞ்சின்களைக் கிளப்பும் காற்று எல்லாம் அதன் உபயம்.) மாற்றுப் பாகம் கைவசம் இல்லை. ஆறு மணிக்கு ஃபிளைட். எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: “எம்.இ.எல். இருக்கா?” (எந்தப் பழுதோடு, எத்தனை நாள் பறக்கலாம் என்று சொல்லும் பட்டியல்.) புரட்டினோம், இருந்தது. சி பிரிவு. அதில் சொல்லியிருந்த வேலையை முடித்து, சுவிட்ச் பக்கத்தில் ‘ஐநாப்’ (இன்னும் சரிசெய்யவில்லை, இயங்கவில்லை என்று பொருள்) ஸ்டிக்கர் ஒட்டி, லாகில் கடைசித் தேதியை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்புறம் கேப்டன். பட்டியல் அனுமதித்தாலும் மறுக்க அவருக்கு உரிமை உண்டு. “போற ஊர்ல ஏர் ஸ்டார்ட்டர் வண்டி இருக்கா?” என்றார். (ஏபியூ இல்லாதபோது எஞ்சினைக் கிளப்பக் காற்றுக் கொடுக்கும் வண்டி.) போன் போட்டு உறுதி செய்தபிறகே சம்மதித்தார்.

பட்டியலில் ஒவ்வொரு பழுதுக்கும் ஒரு பிரிவு, பிரிவுக்கு ஒரு கெடு: பி பிரிவுக்கு 3 நாள், சி-க்கு 10, டி-க்கு 120. ஏ பிரிவுக்கு அந்தந்த இடத்திலேயே கெடு எழுதியிருக்கும். லாகில் எழுதிய நாள் கணக்கில் சேராது. 5ஆம் தேதி எழுதிய பி பிரிவு ஸ்நாக்குக்கு 8ஆம் தேதி முடியும் நள்ளிரவுதான் எல்லை. இந்தக் கெடு சொல்லுக்குள்ளேயே தெரிய வேண்டும். அதனால்தான் ‘தவணைப் பழுது’.

தவணை என்றால் மிக்ஸி வாங்குவதுதானே என்று கேட்டிருந்தீர்கள். “ஒரு வாரம் தவணை கொடுங்க” என்று கேட்பவர் கேட்பது பணத்தையா, நாளையா? இலங்கையில் பள்ளிக்கூடத்துப் பருவமே முதலாம் தவணை, இரண்டாம் தவணை. ‘கெடுப் பழுது’ கச்சிதமான யோசனை, ஆனால் ஏற்கெனவே கெட்டுப்போனதைக் ‘கெடு’ என்றால் ஹேங்கரில் சிரிப்பார்கள். ‘வாய்தா’ எனக்கும் பிடித்த சொல். வாய்தா மேல் வாய்தா வாங்கிப் பழகிய நாக்கு நமக்கு, அதுதான் பயம்.

> எம்.இ.எல். = ‘குறைந்தபட்சக் கருவிப் பட்டியல்’

சொல்லுக்குச் சொல் சரி, பொருள் தலைகீழ். பறக்கக் குறைந்தபட்சம் தேவையான கருவிகள் என்றே படிப்பவர் நினைப்பார். அப்படி நினைத்து இறக்கையைத் தேடினால் அதில் கிடைக்காது. எந்தெந்தக் கருவி இயங்காவிட்டாலும் பறக்கலாம் என்று சொல்லும் பட்டியல் அது. பறக்கும் தகுதிக்கு வேண்டிய ஒன்று அதில் இல்லையென்றால் அது வேலை செய்தே ஆகவேண்டும். அந்த விமான வகைக்கான மூலப் பட்டியலை வைத்து நிறுவனம் தன் பட்டியலை எழுதிக்கொள்ளும். இறுக்கலாம், தளர்த்தக் கூடாது. இங்கே விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் ஒப்புதலும் வேண்டும். ‘தவணை அனுமதிப் பட்டியல்’ என்று வைத்தால் என்ன?

> ‘சிறு பழுது’ என்று எளிமையாக?

இதை மட்டும் கண்டிப்பாக எதிர்க்கிறேன். 2008 ஆகஸ்ட் 20, மாட்ரிட். ஸ்பான்ஏர் எம்டி-82 விமானத்தில் வெளிக்காற்றின் வெப்பத்தை அளக்கும் கருவியின் ஹீட்டர், பறக்கும்போது மட்டும் சூடாக வேண்டியது, தரையில் நிற்கும்போதே சூடாகிக்கொண்டிருந்தது. பனி உறையும் வானிலை இல்லை, பட்டியலும் இடம் கொடுத்தது. ஹீட்டரின் மின்சாரத்தைத் துண்டிக்க பிரேக்கரை இழுத்துவிட்டு அனுப்பினார்கள். மேலெழும்ப உதவும் இறக்கைத் தகடான ஃபிளாப்பை இறக்க விமானிகள் மறந்தார்கள். அதைச் சொல்ல வேண்டிய எச்சரிக்கை ஒலிக்கவில்லை. 154 பேர் இறந்தார்கள். அந்த ஹீட்டருக்கும் அந்த எச்சரிக்கைக்கும் ‘தரையில் இருக்கிறோம்’ என்று தெரிவிப்பது ஒரே ரிலே (தானியங்கி மின்சுவிட்ச்). ஹீட்டர் என்னவோ சின்ன விஷயம்தான். அது எதன் அறிகுறி என்று யோசிக்கவிடாமல் ‘சிறு’ என்று பெயரே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

‘தவணைப் பழுது’க்கு இன்னொரு வசதி, மற்ற சொற்களும் இழுத்த இழுப்புக்கு வருகின்றன: தவணை நீட்டிப்பு, தவணை கடந்த பழுது. ‘ஐநாப்’ ஸ்டிக்கரில்தான் மாட்டிக்கொண்டேன். ‘இயங்காது’ என்றால் என்றைக்குமே இயங்காது போலிருக்கிறது, ‘இயக்காதே’ என்றால் அதட்டல். இருக்கும் இடமோ விரலகலம். யாருக்காவது ஏதாவது தோன்றுகிறதா?