ரோந்து ரோபோக்களுக்கு வேலை பிரிப்பது: உங்கள் அனுபவம் என்ன?

மாதவரத்திலிருந்து:
இங்கே ஒரு சரக்குக் கிடங்கில் ஆறு ரோபோக்கள் இரவு ரோந்து சுற்றுகின்றன. அலாரம் அடித்தால் யார் போவது என்பது ஏலத்தில் முடிவாகும். 1980இல் கணினி அறிவியலாளர் ரீட் ஸ்மித் வகுத்த முறைதான் அடிப்படை: வேலை அறிவிக்கப்படும், ஒவ்வொரு ரோபோவும் தனக்கு ஆகும் செலவைச் சொல்லும், குறைவாகச் சொன்னதற்கு வேலை. எங்களுக்கு வந்த மென்பொருளில் செலவு என்றால் தூரம் மட்டுமே. ஐப்பசி மழை தொடங்கியதும் கிழக்குச் சுவர்த் தகரம் காற்றில் ஆடி, அலாரம் மேல் அலாரம். அருகில் இருந்தவை ஒவ்வொன்றாக அங்கே ஓடின. இரவுக் காவலர்தான் முதலில் கவனித்தார். "தம்பி, எல்லா வண்டியும் இந்தப் பக்கம் வந்துவிட்டால் பின்வாசலை யார் பார்ப்பார்கள்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியையே கணக்கில் சேர்த்தோம். கிளம்பும் ரோபோ எந்த இடத்தைக் காலியாக விடுகிறது, அந்த இடத்தைக் கடைசியாகப் பார்த்து எவ்வளவு நேரமாயிற்று என்பதும் இப்போது செலவுதான். வேலை முடித்து சார்ஜ் நிலையத்துக்குத் திரும்ப பேட்டரி போதாவிட்டால் அது ஏலத்திலேயே சேராது. பின்வாசல் இப்போது வெறுமையாகக் கிடப்பதில்லை. கண்காணிப்பில் போகும் இடத்தைவிட விட்டுப்போகும் இடமே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து.

தரமணியிலிருந்து:
முழுக்க உடன்படுகிறேன். ஆனால் ஒரே நேரத்தில் அ, ஆ என்ற இரண்டு இடங்களில் அலாரம் வந்தால், ஒவ்வொன்றாக ஏலம் விடுவது ஏமாற்றிவிடும். முதல் ரோபோவிலிருந்து அ 30 மீட்டர் தூரம், ஆ 40 மீட்டர். இரண்டாவதிலிருந்து அ 50, ஆ 120 என்று வைத்துக்கொள்ளுங்கள். அருகில் இருப்பதற்கே கொடுத்தால் மொத்தம் 150 மீட்டர். மாற்றிக் கொடுத்தால் 90தான். மொத்தச் செலவு மிகக் குறைவாக வரும்படி வேலைகளைப் பிரித்துத் தரும் ஹங்கேரிய முறை (1955இல் கணிதவியலாளர் ஹரால்டு கூன் வெளியிட்டது) இந்த இரண்டாவது விடையைத் தரும். ஆறு ரோபோக்களுக்கு அதைக் கணக்கிடச் சாதாரணக் கணினிக்குக் கண்ணிமைக்கும் நேரம் போதும்.

எண்ணூரிலிருந்து:
எங்கள் தலைவலி வைஃபை. ஏலத்தில் வென்ற ரோபோ இரும்பு அடுக்குகளுக்கு நடுவே போய்த் தொடர்பை இழந்துவிடும். வேலை அதன் பெயரிலேயே முடங்கிக் கிடக்கும். அதனால் குறித்த நேரத்துக்குள் அதனிடமிருந்து தகவல் வராவிட்டால் வேலையை மறுபடி ஏலத்துக்கு விடுகிறோம். சில இரவுகளில் இரண்டு ரோபோக்கள் ஒரே இடத்துக்குப் போய்ச் சேரும். ஒன்றுமே போகாமல் இருப்பதற்கு அது எவ்வளவோ மேல் என்பதால் அப்படியே விட்டிருக்கிறோம்.