வேதாகமத் தீர்க்கதரிசிகள் ஆமோஸ், எரேமியா சொன்ன தண்டனை வசனங்கள்: மனதை விட்டுப் போகாத ஒரு அனுபவம் உண்டா?

பாளைவாசகி:
வெள்ளம் வடிந்த வாரம். வீடெல்லாம் சேறாகிக் கிடந்த ஒரு அக்காவுக்காக ஜெபிக்க வந்த பெரியவர் ஆமோஸ் 4-ஐ வாசித்தார். பஞ்சம், மழையின்மை, கருக்காய், கொள்ளைநோய்... "ஆகிலும் நீங்கள் என்னிடத்தில் திரும்பாமற்போனீர்கள்" என்று ஐந்து தடவை வருமே, ஐந்தாவது தடவை குரலை உயர்த்தினார். அக்கா போர்வையைப் பிழிந்துகொண்டே இருந்தார், நிமிரவில்லை. சேற்றுத் தண்ணீர் வடிந்த அந்தக் கை கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. அந்த அதிகாரத்தின் முதல் வசனம் யாருக்கு? தரித்திரரை ஒடுக்கிக் குடித்துக் களித்த, வட இஸ்ரவேலின் தலைநகரான சமாரியாவின் சீமாட்டிகளுக்கு. அதை மட்டும் அவர் வாசிக்கவில்லை.

தூத்துக்குடிக்காரன்:
சகோதரி, அப்படி ஒதுக்கிவிட முடியாது. எங்கள் வேதபாடத்தில் ஆமோஸ் முதல் இரண்டு அதிகாரம். தமஸ்கு, காத்சா, தீரு, ஏதோம் என்று அக்கம்பக்கத்து நாடுகள் வரிசையாக அடிவாங்க, எல்லோருக்கும் உற்சாகம். யூதா முடிந்து இஸ்ரவேல் வந்தது. எளியவனை ஒரு ஜோடு செருப்புக்கு விற்றார்கள் என்ற இடத்தில், வாசித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். வட்டிக்கு விடுகிறவர் அவர். அடுத்த வாரம் வரவில்லை. அந்த வசனம் அவருக்குத் தேவைதான்.

பாளைவாசகி:
அதைத்தானே நானும் சொல்கிறேன். வட்டிக்காரருக்கு வாசியுங்கள், அக்காவுக்கு எதற்கு?

ஓலைச்சுருள்:
என் கதை சின்னது. அப்பா ஐ.சி.யூ.வில் இருந்தபோது ஒருவர் எரேமியா 29:11, நல்ல எதிர்காலத்தை வாக்களிக்கும் வசனம், போட்ட காலண்டரைக் கொடுத்தார். வராண்டாவில் உட்கார்ந்து முந்தின வசனத்தைப் பார்த்தேன். பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்த பிறகுதான் என்று இருக்கிறது! அங்கே சிறைப்பட்டுப் போய் அதைக் கேட்ட பெரியவர்களில் பலர் பாபிலோனிலேயே மடிந்திருப்பார்கள்.

புதிதாக வாசிக்கிறவர்கள் முதலில் எந்த ராஜாவின் காலம் என்று பாருங்கள். ஆமோஸ் பேசியது இஸ்ரவேலின் ராஜா இரண்டாம் யெரொபெயாமின் காலத்தில், நாடு செழித்திருந்தபோது. கி.மு. 722 வாக்கில் சமாரியா அசீரியரிடம் விழுந்தது. மனந்திரும்ப அத்தனை அவகாசம் இருந்தது. எரேமியா 28-ஐயும் 29-ஐயும் பிரிக்காதீர்கள். இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று பொய்த் தீர்க்கதரிசி அனனியா, பாபிலோனுக்கு அடங்குவதன் அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தை உடைத்துக் காட்டினான். எரேமியாவோ சிறைப்பட்டுப் போனவர்களுக்கு, வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் பண்ணுங்கள் என்று எழுதினார். தண்டனைக்குள்ளேயே பிழைக்கவும் வழி சொன்னார். அப்புறம் ஓசியா தீர்க்கதரிசியின் 11-ஆம் அதிகாரம். எப்பிராயீமை, அதாவது இஸ்ரவேலை, எப்படிக் கைவிடுவேன் என்று தண்டிக்கிறவரே கலங்குகிறார். ஆமோஸை எடுக்கிறவர் இதையும் சேர்த்து எடுக்க வேண்டும்.

தூத்துக்குடிக்காரன்:
சரி, அந்தப் பெரியவரிடம் யாராவது பேசினீர்களா?