அப்பாவின் மறுமணம்: பிள்ளைகள் சந்தேகப்படுவது பொறாமையா?

மூத்தமகள்:
அம்மா போய்ச் சில வருடங்கள் கழித்து அப்பா மறுமணம் செய்துகொண்டார். அவர் தனியாகக் கிடக்கக் கூடாது என்றுதான் நானும் சம்மதித்தேன். ஆனால் போன மாதம் அவரை மருத்துவமனையில் சேர்த்தது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. போன் செய்தால் சித்திதான் எடுக்கிறார். "தூங்குகிறார்" என்று வைத்துவிடுகிறார். அம்மாவின் பீரோ சாவியும் அவரிடம்தான். நான் சந்தேகப்படுகிறேன். பொறாமை என்கிறான் தம்பி. நீங்களே சொல்லுங்கள்.

இரண்டாவதாகவந்தவள்:
நான் உங்கள் சித்தியின் இடத்தில் இருப்பவள். என் கணவரும் "பிள்ளைகளிடம் சொல்லாதே, பயப்படுவார்கள்" என்றுதான் சொன்னார். சொல்லாமல் இருந்தேன், பழி என் மேல் விழுந்தது. சொல்லியிருந்தால் அவர் கோபித்திருப்பார். ராத்திரி அவருக்கு மூச்சுத் திணறும்போது எழுந்து உட்காருபவள் நான். பகலில் வருகிறவர்கள் முதலில் பார்ப்பது பீரோவை.

மூத்தமகள்:
பீரோவில் இருப்பது நகை மட்டும் இல்லை அம்மா. மூக்குக்கண்ணாடிக் கூடு, பாதி எழுதிய கணக்கு நோட்டு, அதில் என் அம்மாவின் கையெழுத்து. அதைத் தூக்கிப் போட்டுவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது?

நடுவில்ஒருவன்:
அக்கா, அது துக்கம், சரி. ஆனால் துக்கத்தை வைத்துக்கொண்டு இன்னொருவரைத் திருடி ஆக்க முடியாது. நோட்டு வேண்டுமென்றால் நேராகக் கேளுங்கள். கேட்டீர்களா?

பத்திரவேலை:
சாவிச் சண்டையில் பாதி, எழுதி வைக்காத சொத்துச் சண்டை. ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. இங்கிலாந்து, சிங்கப்பூர், மலேசியா போன்ற இடங்களில் திருமணம் செய்தாலே பழைய உயில் பொதுவாகச் செல்லாமல் போய்விடும். இந்தியாவில் இந்துக்கள் எழுதிய உயில் அப்படி ரத்தாகாது. அதனால் ஒரு ஊரில் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள், இன்னொரு ஊரில் புது மனைவி தெருவுக்கு வருகிறார். வீட்டில் மனைவிக்கு ஆயுள் வரை குடியிருக்கும் உரிமை, அதன் பிறகு வீடு பிள்ளைகளுக்கு என்று எழுதலாம். எழுதும்போது ரிப்பேர் செலவு யாருடையது, வரி யார் கட்டுவது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதை விட்டுவிட்டால் அடுத்த சண்டை அங்கே தொடங்கும்.

மூத்தமகள்:
உயிரோடு இருக்கிறவரிடம் உயிலைப் பற்றிப் பேசச் சொல்கிறீர்கள். எப்போது போவார் என்று பார்ப்பதுபோல் ஆகாதா? எனக்கு வீடு வேண்டாம். அவர் குரலைக் கேட்க வேண்டும்.

பத்திரவேலை:
நீங்கள் கேட்க வேண்டாம். அவரே இரண்டு பக்கத்தையும் உட்கார வைத்துச் சொல்லட்டும். இத்தனை மனக்கசப்புக்கும் நடுவில் வாயே திறக்காமல் இருப்பவர் அவர்தான். அவரை மட்டும் யாரும் குறை சொல்லவில்லை.

இரண்டாவதாகவந்தவள்:
இது உண்மை. என் வீட்டிலும் அவர் மௌனமாக இருக்கிறார், நாங்கள் சண்டை போடுகிறோம். ஆனால் மகளே, போனை நான் எடுப்பதை மட்டும் குற்றமாக்காதீர்கள். என்னவருக்குக் காது மந்தமாகிவிட்டது. அதைப் பிள்ளைகளிடம் சொல்ல வெட்கப்படுகிறார்.

மூத்தமகள்:
அப்பாவுக்கும் அப்படி இருக்கலாம். ஆனால் அதை எனக்கு ஒருவராவது சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு நாளை நான் இன்னும் மன்னிக்கவில்லை. நோட்டை நேரிலேயே போய்க் கேட்கப்போகிறேன், சித்தியிடமே.